ஒத்தை இன்ஜின், ஒரு மூட்டை தபால்: ஜே.ஆர்.டி. டாடா பறந்த கதை

சங்கரன்கோவிலுக்கு ரயில் வந்தது 1927-ல். விமானம் ஏறணும்னா இன்னைக்கும் மதுரைக்கோ தூத்துக்குடிக்கோதான் பஸ் பிடிக்கணும். ஆனா, லண்டன்ல போட்ட ஒரு கடிதம் நம்ம ஊருக்குச் சீக்கிரம் வந்து சேரணும்னு 1932-லேயே விமானத்துல கிளம்பினவர் ஒருத்தர் இருந்தார்.

ஜே.ஆர்.டி. டாடா 1904-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா பார்சி, அம்மா பிரெஞ்சுக்காரர். 1929 பிப்ரவரியில் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் பைலட் லைசென்ஸ் இவர் கைக்குத்தான் வந்தது. அடுத்த வருஷமே இந்தியா - இங்கிலாந்து தனிப் பறத்தல் போட்டி. எதிர்த் திசையிலிருந்து வந்த போட்டியாளர் ஆஸ்பி இன்ஜினியர், ஸ்பார்க் பிளக் இல்லாமல் எகிப்தில் மாட்டிக்கொண்டு நின்றார். டாடா தன்னிடமிருந்ததைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். பரிசு ஆஸ்பிக்குப் போனது. நம்மில் எத்தனை பேர் கொடுத்திருப்போம்?

அப்போ லண்டன் ஏர்மெயில் கராச்சி வரைக்கும்தான் வரும். அப்புறம் ரயில்தான். அந்த மிச்சத் தூரத்தையும் பறந்தே கடக்க, நெவில் வின்சென்ட் என்ற பைலட்டோடு சேர்ந்து திட்டம் போட்டார். அரசு மானியம் கிடையாது. வாங்கியது 'புஸ் மாத்' விமானம். மாத்னா அந்துப்பூச்சி; டி ஹாவிலாண்ட் கம்பெனி தன் குட்டி விமானங்களுக்கு அப்படித்தான் பேர் வைக்கும்.

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்கார வண்டி. ஒரே இன்ஜின், சுமார் 120 குதிரைத்திறன். சிலிண்டர்கள் தலைகீழாக இருப்பதால் பைலட்டுக்கு முன்னால் பார்வை மறைக்காது. மூடிய கேபினில் மூணு பேர் உட்காரலாம்; ஆள் இல்லைன்னா தபால் மூட்டை. மணிக்கு 170 கிலோமீட்டர் போல ஓடும். சக்கரக் கால்களின் உறையைத் திருப்பினால் காற்றுக்குக் குறுக்கே நின்று பிரேக் பிடிக்கும். இறக்கையை மடக்கிச் சின்ன கொட்டகையில் நிறுத்திவிடலாம்.

ஆனா அதே இறக்கைதான் பயமும். அந்த வருஷங்களில் சில புஸ் மாத்கள் வானத்திலேயே இறக்கை உடைந்து விழுந்திருந்தன. இது தெரிஞ்ச காலத்துலதான் 1932 அக்டோபர் 15 காலையில், சுமார் 25 கிலோ தபாலோடு டாடா கராச்சியிலிருந்து தனியாகக் கிளம்பினார். ரேடியோ கிடையாது. அகமதாபாத்தில் பெட்ரோல் மாட்டுவண்டியில் வந்தது! மதியம் பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து தபாலை வாங்கிக்கொண்டு வின்சென்ட் பறந்தார். பெல்லாரியில் ராத்தங்கல், மறுநாள் மெட்ராஸ். அதுக்கப்புறம் சங்கரன்கோவில் கடிதத்துக்கு நம்ம பழைய ரயில்தான்.

ஜுஹு மைதானம் மழைக்காலத்தில் தண்ணியில் மூழ்கிவிடும், சேவையை பூனாவுக்கு மாத்துவாங்க. இப்படி ஓட்டிய கம்பெனிதான் 1946-ல் ஏர் இந்தியா ஆனது. 1953-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது டாடாவுக்குப் பெரிய வலி. ஆனாலும் தலைவராக உட்கார்ந்து வளர்த்தார். 1978-ல் அந்தப் பதவியிலிருந்தும் நீக்கிட்டாங்க.

நாலு வருஷம் கழிச்சு, 1982 அக்டோபர் 15. வயசு 78. புஸ் மாத்தின் தம்பியான 'லெப்பர்ட் மாத்', அதுவும் ஒத்தை இன்ஜின்தான். கராச்சியிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வந்து, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இறங்கிய அதே ஜுஹுவில் திரும்பவும் இறங்கினார்.