கடல் தந்த தெம்பு!

குட்டீஸ், 'புதையல் தீவு' கதையைப் படித்திருக்கிறீர்களா? அதை எழுதியவர், ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், 1850ல் பிறந்தார்.

தாத்தாவும், அப்பாவும் கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர்கள். அதனால், கடல் என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. ஆனால், சிறு வயது முதலே நுரையீரல் நோய் வாட்டியது. படுக்கையில் கிடந்தபடியே கதைகளைக் கற்பனை செய்தார். 'புதையல் தீவு' நூல், 1883ல் வெளிவந்தது. அதுவரை, தென்கடல் தீவு எதையும் அவர் பார்த்ததே இல்லை!

கடல் காற்று உடம்பைத் தேற்றும் என நம்பி, 1888ல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் இருந்து, குடும்பத்துடன் 'காஸ்கோ' என்ற பாய்மரக் கப்பலில் கிளம்பினார். நம்பிக்கை வீண் போகவில்லை. எழுந்து நடக்கவே சிரமப்பட்டவர், மார்க்கேசஸ் தீவுக் கடற்கரையில் உலாவி, கிளிஞ்சல் பொறுக்கி மகிழ்ந்தார்.

பின், சமோவா தீவில் குடியேறினார். அங்குள்ள மக்கள் அவரை, 'துசிதலா' என அன்புடன் அழைத்தனர். அதற்கு, கதை எழுதுபவர் என்று பொருள். 1894ல், 44 வயதில் மறைந்தார். சமோவா மக்கள் காட்டை வெட்டிப் பாதை அமைத்து, கடல் தெரியும் வையா மலை உச்சிக்கு அவரைச் சுமந்து சென்று, அடக்கம் செய்தனர்.

அடுத்த முறை கடற்கரைக்குச் சென்றால், மணலில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். உங்களுக்கும் ஒரு கதை கிடைக்கலாம்!