மில்லுல இருந்து பேங்க்குக்கு: கருமுத்து தியாகராஜ செட்டியார்

ஸ்டார்ட்அப்னு சொன்னாலே நம்ம பசங்களுக்கு பெங்களூருதான் ஞாபகம் வரும். ஒருத்தர் கம்பெனி ஆரம்பிச்சு ஜெயிப்பார். அப்புறம் அந்தப் பணத்தை அடுத்தவங்க கம்பெனியில போடுவார். இது ஏதோ புது ரூட்னு நினைக்கிறீங்களா? வில்லாபுரத்துல எங்க வீட்டு பீரோவுல தாத்தாவோட பழைய பேங்க் ஆஃப் மதுரா பாஸ்புக் ஒண்ணு இருக்கு. அந்த பேங்க்கை ஆரம்பிச்சவர் கதையைக் கேளுங்க.

கருமுத்து தியாகராஜ செட்டியார் 1893ல சிவகங்கைப் பக்கம் ஆ.தெக்கூர்ல பிறந்தார். படிச்சது கொழும்பு செயின்ட் தாமஸ் காலேஜ்ல. இலங்கையில இருந்தப்போ தோட்டத் தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்தவர், ஊர் திரும்பி 1920கள்ல மதுரையில மீனாட்சி மில்லைத் தொடங்கினார்.

அப்போ மதுரையில மில்னா வெள்ளைக்காரங்களோட ஹார்வி மில்தான். பஞ்சைச் சுத்தம் பண்றதுல இருந்து கதிர்ல நூல் சுத்துற வரைக்கும் ஒவ்வொரு வேலைக்கும் தனி மெஷின் வேணும். அந்தக் காலத்து டெக்னாலஜி அதுதான். அதை நம்பி இறங்குறது சின்ன ரிஸ்க் இல்லை. அவர் ஒரு மில்லோட நிக்கலை, கப்பலூர் தியாகராஜர் மில் மாதிரி அடுத்தடுத்து மில்கள் வந்துச்சு.

1942ல ஜப்பான் பர்மாவைப் பிடிச்சப்போ செட்டிநாட்டுக்காரங்க பலர் அங்கே போட்ட பணம் அப்படியே மாட்டிக்கிச்சு. அதுக்கு அடுத்த வருஷம், 1943ல, மதுரையில பேங்க் ஆஃப் மதுராவைத் தொடங்கினார். அப்போ அவருக்கு வயசு 50. மில் நடத்தினப்போ ஒரு தொழிலை மட்டும் பார்த்தவர், இப்போ அடுத்தவங்க தொழிலையும் எடை போட வேண்டிய இடத்துக்கு வந்தார். இன்றைய வென்ச்சர் முதலீட்டாளர் மாதிரி பங்கு வாங்குறது இல்லை இது. ஊர்க்காரங்க டெபாசிட்டைக் கடனா கொடுக்கணும், கேட்கும்போது திருப்பியும் தரணும். ஒருவகையில இது அதைவிடக் கஷ்டம்.

அவரைச் சாமி மாதிரி காட்ட நான் வரலை. மீனாட்சி மில் வருமான வரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. சரக்கை இடையில வேற சிலருக்கு வித்ததா காட்டி, அவங்க பேர்ல எழுதின லாபமும் மில்லோடதுதான் என்ற முடிவை 1956ல நீதிமன்றம் உறுதி செஞ்சது. இதுவும் அவர் காலத்துக் கதைதான், மறைக்கக் கூடாது.

ஆனா என்னை யோசிக்க வச்சது அவரோட அடுத்த முதலீடு. 1949ல தெப்பக்குளம் பக்கம் தியாகராஜர் கலைக் கல்லூரி. 1957ல திருப்பரங்குன்றத்துல தியாகராஜர் பொறியியல் கல்லூரி. அப்போ அவருக்கு 64 வயசு. மெஷின் ஓடினா நூல் வரும், கடன் கொடுத்தா வட்டி வரும். பதினெட்டு வயசுப் பசங்களை உட்கார வச்சு இன்ஜினியரிங் சொல்லிக் கொடுத்தா என்ன வரும்னு யாராலயும் கணக்குப் போட முடியாது. வந்தாலும் அவர் கைக்கு வராது. என்னைக் கேட்டா, அவர் போட்டதுலேயே நிஜமான வென்ச்சர் இதுதான்.

1974ல அவர் மறைந்தார். பேங்க் ஆஃப் மதுரா 2001ல ஐசிஐசிஐ பேங்க்கோட இணைஞ்சது, பேரும் போயிடுச்சு. தாத்தாவோட பாஸ்புக் இப்போ வெறும் ஞாபகப் பொருள். காலேஜ்ல இருந்து மட்டும் வருஷா வருஷம் ஒரு பேட்ச் வெளியே வந்துக்கிட்டே இருக்கு.

பிளேஸ்மென்ட் முடிஞ்சு நாம எல்லாரும் ஊரை விட்டுக் கிளம்பப் போறோம். அதுல தப்பே இல்லை, அவரும் கொழும்பு போனவர்தான். சம்பாதிச்சதைக் கொண்டுவந்து இங்கேயும் போட்டார், அவ்வளவுதான். பத்து வருஷம் கழிச்சு உங்க கையில கொஞ்சம் மிச்சம் இருந்தா, மதுரையில ஐடியாவோட அலையுற ஒரு ஜூனியரைத் தேடிப் பிடிச்சு அவனை நம்பிப் போடுங்க. கணக்கை மட்டும் சரியா எழுதிடுங்க.