கற்கத் துணிந்த காவலன் ஆல்பிரட்

பிரிட்டனை ஆண்ட மன்னர்களுள் தங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார் என்று வரலாற்று வகுப்பில் மாணவர் வினவுவதுண்டு. கடல் கடந்து பேரரசு கண்ட ஒருவரின் பெயரை அவர்கள் எதிர்பார்ப்பர். நான் கூறுவதோ, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் தென்பகுதியில் வெஸ்ஸெக்ஸ் என்னும் சிறு நாட்டை ஆண்ட ஆல்பிரட்டின் பெயரை.

849ஆம் ஆண்டளவில் வாண்டேஜ் என்னும் ஊரில் அரசர் எதெல்வுல்பின் கடைசி மகனாக அவர் பிறந்தார். பன்னிரண்டு வயது வரையில் அவருக்கு எழுத்தறிவு வாய்க்கவில்லை என்று, அவருடன் பழகி 893இல் அவர் வரலாற்றை எழுதிய அஸ்ஸர் என்னும் துறவி குறிக்கின்றார். தமையன்மார் மூவர் அடுத்தடுத்து ஆண்டு மறைந்தபின், 871இல் ஆட்சிப் பொறுப்பு அவரை வந்தடைந்தது. டேனியர் படையெடுப்பால் நாடு அல்லலுற்ற காலம் அது. 878 சனவரியில் குத்ரம் என்னும் டேனியத் தலைவன் திடீரெனத் தாக்கவே, மன்னர் சிலரோடு ஆதெல்னிச் சதுப்பு நிலத்தில் ஒளிந்து வாழ நேர்ந்தது. எனினும் அவர் மனந்தளரவில்லை. சிதறிய மக்களைத் திரட்டி, அவ்வாண்டு மே திங்களில் எடிங்டன் போரில் வெற்றி கண்டார். தோற்ற குத்ரமைக் கொல்லாது, அவன் கிறித்தவம் தழுவியபோது தாமே ஞானத்தந்தையாக நின்றார்.

போரில் வென்றோர் பலர். வென்றபின் மாணவராக அமர்ந்தோர் சிலரே. 887இல், நாற்பது வயதை நெருங்கிய நிலையில், அவர் இலத்தீன் நூல்களைப் படித்து மொழிபெயர்க்கத் தொடங்கினார். பல இடங்களிலிருந்து அறிஞரை வரவழைத்தார். போப் கிரிகோரியின் மேய்ப்பர் கடமை பற்றிய நூலை மக்கள் பேசும் ஆங்கிலத்தில் பெயர்த்து ஆயர்களுக்கு அனுப்பினார். எழுத்தறியாத நீதிபதிகள் கற்க வேண்டும், அன்றேல் பதவி துறக்க வேண்டும் என்று பணித்தார். முதிர்ந்த அலுவலர்களும் எழுத்துக் கற்க முற்பட்டனர். நான்கு மணி நேரம் எரியும் மெழுகுவர்த்திகள் ஆறினைக் கொண்டு நாளை அளந்து, காற்றில் அணையாதிருக்கக் கொம்புத் தகடு பதித்த விளக்குக் கூண்டும் செய்வித்தார்.

ஆயினும் உண்மையை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. அவர் எழுத்தறிவு பெற விழைந்தது, வசதியுள்ள சுதந்திரக் குடிகளின் பிள்ளைகளே. அந்நாட்டில் அடிமைகள் இருந்தனர். அவர் சட்டம் சுதந்திர மனிதர்க்கு விடுமுறை நாள்களை வகுத்தபோது அடிமைகளை விலக்கிற்று. தமக்குக் கிடைத்ததையும் ஓய்வு வேளையில் ஈட்டியதையும் விற்க ஆண்டில் நான்கு புதன்கிழமைகளை மட்டுமே அவர்களுக்கு அளித்தது. மன்னர் திறந்த கதவு பெரிதுதான். அதற்கு வெளியே நின்றோரும் பலர்.

899 அக்டோபர் 26இல் அவர் மறைந்தார். பிற்காலத்தார் அவரை மகா ஆல்பிரட் என்றனர். அவர் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கவை இரண்டு: கற்பதற்கு வயது கடந்துவிட்டது என்பதில்லை, கல்வி தாய்மொழியில் எட்டினாலன்றி மக்களைச் சேராது. தள்ளத்தக்கது ஒன்று: பிறப்பையும் பொருளையும் பார்த்துக் கல்வியை அளந்து கொடுத்தல். அவர் விட்ட குறையை நிறைவு செய்வதே, கற்றவர் ஒவ்வொருவரின் கடனாகும்.