ஊருக்கு வழக்காடிய உத்தமர்
(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

பட்டம் பெற்றபின் சட்டம் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். காசு கொடுத்தவன் பக்கம் பேசும் தொழில் உனக்கு எதற்கு என்று கேட்டார் என் தந்தையார். விடை தெரியாமல் விழித்தேன். அந்த விடையைத் தேடியபோது நான் கண்டுகொண்டவர்தாம் அமெரிக்க வழக்கறிஞர் லூயிஸ் பிராண்டைஸ்.

1856 நவம்பர் 13 அன்று கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில், பிராகாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் பயின்றபோது கண்பார்வை மங்கியது. உடன் பயின்றோர் உரக்கப் படிக்க, கேட்டே மனத்தில் பதித்துக்கொண்டார். 1877இல் முதல் மாணவராகத் தேறினார். பாஸ்டன் நகரில் தொழில் நடத்திப் பெரும்பொருள் ஈட்டினார். ஆயினும் எளிமையாகவே வாழ்ந்தார்.

அமெரிக்காவின் முதல் சுரங்க ரயில்பாதை 1897இல் பாஸ்டனில் திறக்கப்பட்டது. நகரத்தின் பணத்தில் அமைந்த பாதை அது. அதில் வண்டி ஓட்டிய தனியார் நிறுவனம், அடுத்த பாதையைத் தானே கட்டித் தன் உடைமையாக்கிக்கொள்ள முயன்றது. தெருவின் அடிநிலம் ஊருக்கே சொந்தம் என்று எதிர்த்து நின்றார் பிராண்டைஸ். நகராட்சி அமர்த்திய வக்கீல் அல்லர் அவர். குடிமக்கள் சிலர் கூடி அமைத்த சங்கத்தின் சார்பில் சட்டமன்றக் குழுவின் முன் வாதாடினார். 1902இல் வெற்றி கிட்டியது. பாதையை நகரமே கட்டி, குறித்த காலக் குத்தகைக்கு மட்டும் விடுவது என்று முடிவாயிற்று.

அடுத்து எரிவாயு. அங்கே அவர் கண்ட வழி என்னை வியக்க வைத்தது. ஆயிரம் கன அடிக்கு 90 சென்ட் என்பது விலை. பங்குதாரருக்கு 7 விழுக்காடு ஆதாயம். விலையை 5 சென்ட் குறைத்தால் 1 விழுக்காடு கூடுதல் ஆதாயம் எடுத்துக்கொள்ளலாம். மக்களின் செலவு குறைந்தால்தான் நிறுவனத்தின் இலாபம் கூடும்! 1906இல் இது சட்டமாயிற்று. ஒரு டாலராக இருந்த விலை விரைவிலேயே 80 சென்டுக்கு இறங்கியது. நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அவரோடு நின்ற தோழர் சிலரே சினந்தனர். அந்தப் பழியையும் பொறுத்துக்கொண்டார்.

இவற்றுக்கெல்லாம் அவர் வாங்கிய கட்டணம் என்ன? ஒரு காசும் இல்லை. எட்வர்டு ஃபைலீன் என்னும் வணிகர் கணக்குக் கேட்டபோதும் மறுத்துவிட்டார். ஊர்ப்பணிக்குச் செலவான நேரத்தால் பங்காளிகளுக்கு இழப்பு நேரக்கூடாது என்று, பின்னாளில் தம் சொந்தப் பணத்தைத் தம் அலுவலகத்துக்கே செலுத்தினார். கூலி வாங்கியவன் சொல்லைக் கூலி கொடுத்தவன் சொல்லாகவே உலகம் எடைபோடும். தம் சொல் தம்முடையதாகவே நிற்கவேண்டும் என்பதற்காக அவர் கொடுத்த விலை அது.

வேறொரு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1916 ஜனவரியில் குடியரசுத் தலைவர் வில்சன் அவரை உச்சநீதிமன்ற நீதிபதியாக முன்மொழிந்தார். எவ்வூருக்காக உழைத்தாரோ அவ்வூர்ப் பெருமக்கள் 55 பேர், ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவரே முன்னிற்க, அவர் தகுதியற்றவர் என்று எழுதிக் கையொப்பமிட்டனர். முன்னாள் குடியரசுத் தலைவர் டாஃப்டும் எதிர்த்தார். நான்கு திங்கள் விசாரணை நடந்தது. இறுதியில் 47க்கு 22 என்ற வாக்குகளில் வென்று, அப்பதவி ஏற்ற முதல் யூதரானார். 1939 வரை நீதிபதியாக இருந்து, 1941 அக்டோபர் 5 அன்று மறைந்தார்.

தோழர்களே! அவர் செல்வர், ஆகவே கட்டணமின்றி உழைக்க முடிந்தது என்று நீங்கள் கூறலாம். உண்மைதான். ஆனால் அன்று பாஸ்டனில் செல்வம் படைத்த வழக்கறிஞர் அவர் ஒருவர்தாமா? பொதுநல வழக்கு என்னும் சொல் 1980களில் நம் நாட்டு நீதிமன்றங்களில் பெருவழக்காயிற்று. கட்சிக்காரர் இல்லாத இடத்தில் ஊரையே கட்சிக்காரராகக் கொண்ட அவர் அதற்கு எவ்வளவோ முன்னோடி.

இக்கதையைத் தந்தையாரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, விண்ணப்பப் படிவத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டார்.