பாட்டுக்குக் கிடைக்காத கூலி



நம்ம பள்ளி ஆண்டு விழாவில் பாரதியார் பாட்டு இல்லாத வருஷம் கிடையாது. யாருகிட்டயும் அனுமதி கேட்கிறதில்லை, காசும் கட்டுறதில்லை. ஆனால் ஒரு காலத்தில் அந்தப் பாட்டுக்கெல்லாம் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். பாரதியார் வாழ்க்கையில் எனக்கு மனசில் தைத்த பகுதி அதுதான்.

1882 டிசம்பர் 11-ல் எட்டயபுரத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே பாரதி என்ற பட்டம். 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் கொஞ்ச நாள் ஆசிரியர். பிறகு சென்னையில் சுதேசமித்திரன், இந்தியா பத்திரிகைகள். 1908-ல் போலீசுக்குத் தப்பிப் புதுச்சேரி போனவர், பத்து வருஷம் அங்கேயே இருந்தார். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கு.

1920-ல் கடையத்தில் இருந்தபோது அவர் போட்ட திட்டம்தான் பலருக்குத் தெரியாது. தன் எழுத்து எல்லாவற்றையும் 40 புத்தகமாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சடிக்க நினைத்தார். அதற்காக ஆளுக்கு 100 ரூபாய் கடன் கேட்டு, வட்டியோடு திருப்பித் தருவதாகக் கடிதம் எழுதினார். தானம் கேட்கலை, கடன்தான் கேட்டார்! திட்டம் நடக்கவில்லை. 1921 செப்டம்பரில் இறந்துபோனார். வயசு 39 கூட ஆகலை.

அப்புறம் மனைவி செல்லம்மாள் கஷ்டத்தோடு புத்தகம் போட்டார். 1928-ல் ஆங்கிலேய அரசு பாரதி நூல்களைப் பறிமுதல் செய்தது. பிறகு உரிமை பாரதியின் தம்பி விசுவநாத ஐயர் கைக்குப் போனது. இசைத்தட்டு, சினிமா உரிமை தனியாக விலைபோய், கடைசியில் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. 1947-ல் வந்த அவருடைய 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாட்டுகள் பிரமாதமாக ஓடின. அடுத்த வருஷம் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைப் பயன்படுத்தினார்கள். உடனே வழக்கு!

மெய்யப்பச் செட்டியாரை மட்டும் குறை சொல்ல முடியாது. காசு கொடுத்து வாங்கியவர்தானே? ஆனாலும் எழுத்தாளர்களும் நடிகர்களும் பாரதி மக்கள் சொத்து என்று கிளம்பினார்கள். திருநெல்வேலிக்கே போய்ச் செல்லம்மாளின் சம்மதமும் வாங்கினார்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த 1949-ல் அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. செட்டியார் தன் உரிமையைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய். எழுதியவர் 100 ரூபாய்க்குக் கடிதம் போட்டுக் காத்திருந்து 29 வருஷம் கழித்து!

அரசு எடுக்காமல் இருந்திருந்தால், எழுதியவர் இறந்து 50 வருஷம் என்ற அப்போதைய சட்டப்படி 1971 வரை பாட்டு பூட்டிக் கிடந்திருக்கும். (இப்போ 60 வருஷம்.) பிற்பாடு நம்ம பக்கத்துப் பட்டுக்கோட்டையாரின் பாடல்களும், வேதாரண்யம் உப்பு யாத்திரைக்குப் பாட்டு எழுதிய நாமக்கல் கவிஞரின் நூல்களும் இதே மாதிரி நாட்டுடைமை ஆயின. குடும்பத்துக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பரிவுத்தொகை என்று பேர். கூலி என்று ஏன் பேர் வைக்கலைன்னு எனக்குப் புரியலை.