கண்ணாடி விரியனை அடையாளம் காட்டியவர்

பாம்பென்றால் படையும் நடுங்கும். நடுங்காமல் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, எது நஞ்சுடையது, எது நஞ்சற்றது என்று எழுதிவைத்த அறிஞர் ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைக்கு வந்தார். அவரே பாட்ரிக் ரசல்.

1726-இல் எடின்பரோவில் பிறந்த ரசல் மருத்துவம் பயின்று, 1753 முதல் சிரியாவின் அலெப்போ நகரில் ஆங்கில வணிகர்களின் மருத்துவராக இருந்தார். 1760 முதல் 1762 வரை அந்நகரைப் பிளேக் நோய் வாட்டியது. அப்போது அவர் எடுத்த குறிப்புகள் 1791-இல் பெருநூலாக வெளிவந்தன. 1777-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது.

1781-இல் சகோதரர் கிளாடுடன் அவர் விசாகப்பட்டினம் வந்தார். 1785-இல் கம்பெனியின் இயற்கையியலாளர் பதவி அவருக்குக் கிடைத்தது. ஊரார் பாம்புக்கடியால் மடிவதைக் கண்ட அவர், பாம்பை இனங்காணக் கற்பிப்பதே முதல் மருத்துவம் எனத் துணிந்தார். அந்நாளில் புகழ்பெற்றிருந்த, பாடாணம் கலந்த தஞ்சாவூர் மாத்திரையை விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். நஞ்சற்ற பாம்பு கடித்தவன் எந்த மருந்தாலும் பிழைப்பான். ஆகவே முதலில் பாம்பு எதுவெனத் தெரிய வேண்டும் அன்றோ!

இந்தியப் பாம்புகள் பற்றிய அவரது நூல் 1796-இல் வண்ணப் படங்களுடன் வெளிவந்தது. நாகத்துக்கு அடுத்த கொடியது என அவர் கண்ட கண்ணாடி விரியனுக்கு, 1797-இல் விலங்கியலார் அவர் பெயரையே சூட்டினர். 1805-இல் ரசல் இலண்டனில் மறைந்தார்.

அந்த நஞ்சின் சூழ்ச்சி பின்னரே விளங்கிற்று. அது இரத்தத்தின் ஐந்தாம், பத்தாம் உறைவுக் காரணிகளைத் தூண்டிவிடுகிறது. ஃபைப்ரினோஜன் வீணே செலவழிந்து தீர்கிறது. பிறகு உறைவதற்குப் பொருளே இல்லை. ஈறில் குருதி கசிகிறது, சிறுநீரகம் பழுதாகிறது. உறையவைக்கும் நஞ்சே உறையாமையைத் தருகிறது! 1934-இல் மக்ஃபர்லேன், பார்னெட் என்னும் இருவர் இதே நஞ்சை நீர்க்கச் செய்து, இரத்தம் உறையாப் பிறவிநோய் கொண்டவர்களின் குருதிக் கசிவை நிறுத்தப் பயன்படுத்தினர். இன்றும் ஆய்வுக்கூடங்களில் சில உறைவுக் கோளாறுகளைக் கண்டறிய இது உதவுகிறது.

உயிருக்குப் போராடும் நோயாளியிடம் இக்கோளாற்றைக் கண்டறியப் பெரிய கருவி வேண்டியதில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமல் ஓடினால் நஞ்சு முறிவு மருந்து உடனே தேவை. 6 மணி நேரம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் ஆகாது. கண்ணாடிதான் உறைதலைத் தொடங்கிவைக்கும். சோப்பு நீரில் கழுவிய குழாயும் பிழையான விடை தரும். முதற்சோதனையில் உறைந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடவும் கூடாது. நஞ்சு பிந்தியும் வேலைசெய்யும்.

2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் ஆண்டுதோறும் சுமார் 58,000 பேர் மாண்டதாக மதிப்பிட்டிருக்கின்றனர், பெரும்பாலோர் கிராமத்தார். தில்லியில் பயிலும் நம்மில் பலருக்கும் வயலும் வரப்பும் உள்ள ஊர் உண்டு. விடுமுறையில் அங்குச் செல்லும்போது இரண்டு செய்திகளைச் சொல்வோம்: கடிவாயைக் கீறாதீர்கள், மந்திரிப்பவரிடம் நேரத்தைப் போக்காமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். ரசலின் உழைப்புக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.