நந்தலால் போஸ்

நந்தலால் போஸ் (டிசம்பர் 3, 1882 - ஏப்ரல் 16, 1966) புகழ்பெற்ற இந்திய ஓவியர்களுள் ஒருவர். அரசியலமைப்புச் சட்டத்தின் கையெழுத்துப் படியைத் தம் மாணவர்களுடன் அணிசெய்த இவர், கையளவு அட்டைகளிலும் அதே ஈடுபாட்டைக் காட்டினார்.

வாழ்க்கைக் குறிப்பு

பீகாரிலுள்ள கரக்பூரில் பிறந்தார் (இது மேற்கு வங்காளத்துக் கரக்பூர் அன்று). கொல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். பின்னர் சாந்திநிகேதனில் கலா பவனத்தின் முதல்வரானார். கே. ஜி. சுப்பிரமணியன் இவருடைய மாணவர். 1954 ஆம் ஆண்டு பத்ம விபூசண் விருது பெற்றார்.

அச்சும் அட்டைகளும்

லினோ அச்சு, ரப்பர் முத்திரையைப் போன்றதே. லினோலியத் தகட்டில் செதுக்கி நீக்கிய பகுதி வெள்ளையாக நிற்கும். எஞ்சிய மேடு மையை ஏற்கும். பதியும்போது இடவலம் மாறுமாதலால், எழுத்துகளைத் திருப்பியே செதுக்கவேண்டும். 1930 இல் உப்புச் சத்தியாகிரகத்தை ஒட்டி, கோலூன்றி நடக்கும் காந்தியை இம்முறையில் ஆக்கினார். கறுப்புப் பின்னணியில் சில வெள்ளைக் கோடுகளே. எனினும் காந்தியின் உருவங்களுள் மிகவும் அறியப்பட்டவற்றில் இதுவும் ஒன்றாயிற்று. இரவீந்திரநாத் தாகூரின் வங்காளப் பாலபாட நூலான சகஜ் பாட்டுக்கும் லினோ படங்கள் அளித்தார்.

வெற்று அட்டைகளில் மையாலும் தூரிகையாலும் தாம் கண்டவற்றை வரைந்து, மாணவர்க்கும் நண்பர்க்கும் அனுப்புவது இவர் வழக்கம். ஒவ்வொன்றும் ஒற்றைப் படி. லினோவைப் போல மறுபடி எடுக்க இயலாதது.